படத்தில் இருப்பது எந்தத் தாத்தா?

தேனி மாவட்டம் மயிலாடும்பாறைப் பக்கம் பழைய வீட்டுச் சுவரில் தொங்கும் கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி ‘இது யாரு?’ என்று கேட்டால், ‘எங்க தாத்தா’ என்று உடனே பதில் வரும். அப்பாவைப் பெற்றவரும் தாத்தா, அவருடன் பிறந்தவர்களும் தாத்தா, அம்மாவைப் பெற்றவரும் தாத்தாதான். முறை தெரிந்துவிட்டது, ஆள் தெரியவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வழி கண்டவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் வம்சாவளி சேகரிக்கத் தொடங்கியவர், அதே முறையை நீலகிரித் தோடர்களிடமும் கையாண்டு 1906இல் நூலாக வெளியிட்டார். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி ஆகிய உறவுகளை மட்டும் வைத்தே கேட்பார். ‘பெத்த அப்பாவா, சித்தப்பாவா?’ என்று நெருக்கிக் கேட்கும்போது தாத்தாக்கள் தனித்தனியே பிரிந்துவிடுவார்கள். இறந்த உறவினரின் பெயரைத் தோடர்கள் உச்சரிக்க மாட்டார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் விவரத்தை வேறு குடும்பத்தாரிடம் கேட்டறிந்தார். நம் அப்பத்தாக்களும் புருசன் பெயரைச் சொல்வதில்லை. நாத்தனாரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

பெயர் கிடைத்ததும் அவசரப்படக் கூடாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே பெயர் அமைந்துவிடும். தகப்பன் பெயரும் சேர்ந்தால்தான் ஆள் உறுதியாகும். கிரயப் பத்திரத்தில் அது இருக்கும். ஆனால் பத்திரம் நிலம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மட்டுமே. நிலமில்லாதவரையும் விடாமல் எழுதிவைத்தது மொய் நோட்டு. தேனிப் பக்கத்துக்கு அதுதான் பெரிய ஆவணம் என்பேன். ஊர், பெயர், பட்டப்பெயர், சில நோட்டுகளில் தகப்பன் பெயர், விசேஷம் நடந்த தேதி எல்லாம் அதில் உண்டு. ஒருவர் பெயரில் வந்த மொய் அடுத்த விசேஷத்தில் மகன் பெயரில் வந்திருந்தால், அவர் இடையில் இறந்திருக்கலாம், பாகப்பிரிவினையும் நடந்திருக்கலாம். பங்காளிகளிடம் விசாரித்துவிட வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். சட்டத்தைக் கழற்றினால் அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருக்கக்கூடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் எண்மப்படுத்தியிருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால், எந்த ஸ்டூடியோ என்று அறியப் பின்திரை ஓவியங்களை அவற்றோடு ஒப்பிடலாம். ஆள் தெரிந்த வேறு படத்தோடு முகத்தை ஒப்பிடும்போது காதை முக்கியமாகப் பார்ப்பார்கள். ஆனால் தண்டட்டி போட்ட பாட்டிகளின் காதுமடல் தோள்வரை இறங்கியிருக்கும். மடலை விட்டுவிட்டு, காதின் மேல்விளிம்பையும் உள்மடிப்பையும் ஒப்பிட வேண்டும். முகச்சாயலை மட்டும் நம்பவே கூடாது. அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிய குடும்பங்களில் சாயல் எல்லாப் பக்கமும் ஓடும்.

ஆள் யாரென்று உறுதியானதும் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுந்தினால் தடம் முன்பக்கம் தெரியும்.