அவையில் எழாத ஐயம்

கற்றோர் பலர் கூடி ஒருமனதாகக் கொண்ட முடிபு தவறாகாது என்பது நம்மிற் பலருக்குள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என ஆராய்வார்க்குப் பன்றிக்குடாவின் கதையிலும் சிறந்த பாடம் ஒன்றை நான் அறியேன்.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, அமெரிக்க உளவுத்துறை பயிற்றியனுப்பிய நாடுவிட்ட கியூபர் ஏறத்தாழ 1,400 பேர், பிடல் காஸ்ட்ரோவின் அரசை வீழ்த்தும் நோக்குடன் கியூபாவின் தென்கரையில் இறங்கினர். மூன்று நாள்களுள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,100க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

இத்திட்டத்துக்கு இசைந்த ஜனாதிபதி கென்னடியின் அவையிலே பல்கலைக்கழகப் பேராசிரியரும் பெருந்தொழில் நடத்தியவரும் இருந்தனர். தோல்வி நேரின் வீரர் எஸ்காம்பிறை மலைகளுட் புகுந்துகொள்வர் என்பது அவர்கள் துணிபு. இறங்கிய இடத்துக்கும் அம்மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 80 மைல் சதுப்பும் காடும் கிடப்பதைச் சாதாரணத் தேசப்படமே காட்டியிருக்கும்.

ஐயங்கொண்டார் இல்லாமற் போகவில்லை. செனற்சபை உறுப்பினர் புல்பிரைட் கூட்டத்திலேயே எதிர்த்துப் பேசினார். வரலாற்றாசிரியர் ஆதர் ஷ்லெசிஞ்சர் தம் மறுப்பைத் தனியே எழுதிக் கென்னடியிடம் கொடுத்தார். அவையிலோ பெரும்பாலும் வாய்திறந்திலர். அந்த மௌனத்துக்காகப் பின்னர்த் தம்மைத் தாமே நொந்து எழுதினார். இத்தகைய அவைகளை ஆராய்ந்து உளவியலறிஞர் இர்விங் ஜானிஸ் 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். குழுவின் இணக்கம் குலைந்துவிடுமென அஞ்சி, ஒவ்வொருவரும் தம் ஐயத்தைத் தாமே அடக்கிக்கொள்ளுதலே அவர் கண்ட நோய்.

கதையின் மறுபாதி இதனினும் பயனுடையது. 1962 ஒக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவிற் காணப்பட்டபோது, ஆலோசனை கூறியவருட் பலர் முன்னைய மனிதரே. முறைதான் மாறியது. கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராதிருந்தார்; தலைவரின் முகக்குறிப்பை நோக்கிப் பேசும் வழக்கம் தளர்ந்தது. அவையினர் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் திட்டத்தின் குறையை மற்றவர் எடுத்துக்காட்டினர். தொடக்கத்தில் ஓங்கிநின்ற விமானத் தாக்குதல் யோசனை பின்தள்ளப்பட்டுக் கடல்வழித் தடை தெரிந்தெடுக்கப்பட்டது. மறைவான பேச்சும் துணைசெய்ய, போரின்றியே நெருக்கடி தீர்ந்தது.

இடித்துரைக்கும் துணைவரைப் பெறாத அரசன், பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்று வள்ளுவர் கருதியதும் இதனையே. அத்துணைவரைப் பெற்றிருந்தால் மட்டும் போதாது, அவர் பேசுதற்கு இடமும் வேண்டும் என்பேன் நான்.

சுயசிந்தனையென்பது எதற்கும் மாறுபட்டு நிற்றலென்று சிலர் மயங்குவர். மறுப்பவனும் பிழைபடலாம். ஆயினும் அவன் கேள்வி, ஏனையோரைத் தேசப்படத்தை விரித்துப் பார்க்கச் செய்யும். நம் இலக்கிய வட்டங்களிலே தலைவர் தம் கருத்தை இறுதியிற் கூறட்டும். வகுப்பறையிலே ஆசிரியர் விடை கூறுமுன் மாணவர் தத்தம் விடையை எழுதிவைக்கட்டும். “எல்லோருக்கும் சம்மதந்தானே?” எனக் கேட்டுக் கூட்டத்தை முடிக்குமுன், “இதில் எது பிழைக்கக்கூடும்?” எனக் கேட்கவும் நாம் பழகுதல் வேண்டும்.