உங்களுக்குத் தெரியுமா? கவர் மாறாத சூட்சுமம்

ஃபிலிம் காலத்துப் பெரிய லேப்களில் பலருடைய ரோல்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீள ரோலாக்கித்தான் கழுவுவார்கள். யார் படம் யாருக்கு? 'ட்வின் செக்' என்ற ஜோடி ஸ்டிக்கர்தான் சாட்சி. இரண்டிலும் ஒரே எண். ஒன்று ஃபிலிமில், மற்றது ஆர்டர் கவரில்.

இன்று அந்த எண்ணின் வேலையைப் பெரும்பாலும் பார்கோடு பார்த்துக்கொள்கிறது. அதோடு, சில ஸ்டூடியோ மென்பொருள்களில் ஆர்டருக்கு 'அவசரம்', 'ரீபிரின்ட்', 'பள்ளிக்கே அனுப்பவும்' என்று டேக் போட்டு, அது பேக்கிங் ஸ்லிப்பிலும் அச்சாகும்படி செய்யலாம். பேக் செய்பவர் கம்ப்யூட்டர் பக்கம் போகவே வேண்டாம், சீட்டைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தச் சீட்டு பெரும்பாலும் பார்சலோடு வாடிக்கையாளர் கைக்கும் போகும். 'தொல்லை பிடித்த பார்ட்டி' என்றெல்லாம் டேக் போட்டுவைத்தால், அவரும் படிப்பார்!