வவுனியாவில் ஹைட்ரேஞ்சியா விற்கலாமா?

நுவரெலியா போய் வரும் நமது வியாபாரிகள் சிலர், அங்கு கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை வவுனியாவில் விற்றால் என்ன என்று கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. வீடு, மண்டபம் கட்டுபவர்கள் முற்றத்துக்கும் செலவழிக்கிறார்கள்.

ஆனால் நுவரெலியா சுமார் 1,900 மீற்றர் உயரத்திலுள்ள குளிர் ஊர். வன்னியோ சமவெளி. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றும் வெயிலும். போதாததற்கு, பல கிணறுகளில் சுண்ணாம்புத் தண்ணீர், இலை மஞ்சளித்துவிடும். அந்த நீலப் பூவும் அமில மண்ணில்தான் கிடைக்கும்.

கூம்பு வடிவில் பூக்கும் இன்னோர் இனமும் உண்டு. சீனா, ஜப்பான், கொரியாவுக்குரிய அது, பனிக்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்த பின்பே நன்கு பூக்கும். கனடாவில் உறவினர் முற்றத்தில் செழிப்பது கிளிநொச்சியில் செழிக்காது.

லொறியில் வந்திறங்கிய கன்று விற்கும்வரை பூவோடு நிற்கலாம். வாங்கியவர் வீட்டில் வாடினால், அடுத்த கன்றுக்கு அவர் உங்களிடம் வருவாரா?

போகன்விலா, செவ்வரத்தை, நித்தியகல்யாணி நம் வெயிலைத் தாங்கும். போகன்விலாவைத் தடி வெட்டி நட்டே பெருக்கலாம். பை, மண், எரு, நிழல்வலை, பெரிய செலவு இவ்வளவுதான். மாரி தொடங்கும் ஒக்டோபரில்தான் கன்று தேடுவார்கள். அதற்குச் சில மாதம் முன்பே தடிகளை நட்டு வையுங்கள்.