சுருள் முடியும் ஒரு வழக்கும்

சீப்பில் சிக்கி வந்த நீண்ட தலைமுடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பென்சிலின் மீது நெருக்கமாகச் சுற்றி, இரவு முழுவதும் உலர விடுங்கள். காலையில் கழற்றினால் முடி சுருள்வில்லைப் போல் நிற்கும். மீண்டும் நனையுங்கள், சுருள் மறைந்துவிடும். இது எதனால்?

முடி கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்த்துக் கட்டும் பிணைப்புகளில் ஒன்று, வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது அறுந்து, உலரும்போது புதிய இடத்தில் மீண்டும் உண்டாகும். மற்றொன்று, இரு கந்தக அணுக்களுக்கிடையே உள்ள வலுமிக்க பிணைப்பு. இதைத் தண்ணீரால் அசைக்க முடியாது. இயற்கையாகச் சுருண்ட முடி நனைந்தாலும் சுருளாகவே இருப்பது இதனால்தான்.

இந்தக் கந்தகப் பிணைப்பை உடைத்தே சில பசைகள் முடியை நிரந்தரமாக நேராக்குகின்றன. அமெரிக்காவில் நெடுங்காலமாக விற்கப்படும் ஒரு வகைப் பசையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. குழாய் அடைப்பை நீக்கவும் இதுவே பயன்படுகிறது. இப்பசையின் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். சோப்புக் கரைசலின் மதிப்பு 10, பசையின் மதிப்பு 13 என்று கொள்வோம். வேறுபாடு மூன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வீதம், காரத்தன்மை ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது! சற்று நேரம் கூடினாலும் தலைத்தோல் வெந்து புண்ணாகலாம். புண்ணான தோல் வழியே வேதிப்பொருள்கள் எளிதில் உட்புகும்.

வேறு சில திரவங்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. உயிரியல் ஆய்வுக்கூடத்தில் தவளையைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலினில் இருப்பதும் இதுவே. திரவத்தைப் பூசி ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் சூடான இடுக்கியால் முடியை அழுத்தும்போது, அது வாயுவாகி மூக்கினுள் செல்கிறது. இப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது. ஆனால், ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று அச்சிட்ட புட்டிகளிலும் அது இருந்ததை அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-இல் அறிவித்தது.

2022 அக்டோபரில் முக்கியமான ஆய்வு முடிவு ஒன்று வெளிவந்தது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்ததில், 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதோரில், 70 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோரில் அது 4.05. ஏறத்தாழ இரண்டரை மடங்கு! ஆயினும் அடிக்கடி பயன்படுத்தியோரிலும் நூற்றுக்கு 96 பேருக்கு நோய் வராது என்பதும் இதே கணக்குதான். மடங்கையும் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே மாதத்தில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். பலர் தொடர்ந்தனர். 2023 பிப்ரவரியில் இவ்வழக்குகள் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. பின்னர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. நோய்க்குத் தங்கள் பொருள்கள் காரணமல்ல என்பது நிறுவனங்களின் வாதம்.

இங்கேதான் சிக்கல். ஆய்வு ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நீதிமன்றமோ, “இந்தப் பெண்ணின் நோய்க்கு இந்தப் பசைதான் காரணமா?” என்று கேட்கிறது. எந்த நிறுவனத்தின் பொருள், அதில் என்னென்ன கலந்திருந்தன என்ற விவரங்களை அந்த ஆய்வு திரட்டவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. அதற்காக, முழுச் சான்று கிடைக்கும் வரை எச்சரிக்கை வேண்டாம் என்றும் பொருளல்ல.

இப்பொருள்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கறுப்பினப் பெண்கள். சுருள் முடியோடு வந்தால் பள்ளியிலும் அலுவலகத்திலும் மதிப்பில்லை என்ற நிலை அவர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கக் கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றியது. பசையை மாற்றுவது வேதியியலின் வேலை. அந்தப் பசை வேண்டும் என்று ஒருவரை நினைக்க வைக்கும் பார்வையை மாற்றுவது நம் எல்லோருடைய வேலையும் அல்லவா?