பெட்டியின் எடை யார் கணக்கில்?

சரக்கின் தரத்தைப் பேசுகிறோம், விலையைப் பேசுகிறோம். சரக்கு வருகிற பெட்டியைப் பற்றி மட்டும் நாம் பேசுவதே இல்லை.

1980-களில் நாம் மொத்த வியாபாரத்தில் இறங்கியபோது தக்காளியும் மாம்பழமும் மரப் பெட்டியில்தான் வெளியூர் போயின. தேயிலை, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டியில் வரும். காலியான டீப் பெட்டியைப் பருப்புப் போட்டு வைக்க எடுத்துக்கொள்ளாத மளிகைக் கடை உண்டா? லாந்தர் சிம்னிகள் வைக்கோலிலோ மரச் சீவலிலோ புதைந்து வந்தன.

கதவு, ஜன்னலுக்கு எடுபடாத மரம்தான் பெட்டிக்குப் போகும். காய்ப்பு ஓய்ந்த மா, தைல மரம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக். மர அறுவை மில்லில் மெல்லிய பலகையாக அறுத்து, காற்றுப் போக இடைவெளி விட்டு ஆணி அடிப்பார்கள். தூள் டீக்கடை அடுப்புக்குப் போகும். சீவல் கோழிப் பண்ணைத் தரைக்குப் போகும். எதுவும் வீணில்லை.

அந்த நாளில் ஒரு மாம்பழ சீசன். (கிருஷ்ணகிரியும் அப்போது நம் மாவட்டம்தான், 2004-ல் பிரிந்தது.) அவசரத்தில் மில்லில் அன்று அறுத்த பலகையிலேயே பெட்டி அடித்து வாங்கி, 200 பெட்டி சென்னைக்கு அனுப்பினோம். பெட்டிக்கென்று ஒன்றரை கிலோ கழிப்பது வழக்கம். அங்கே மண்டிக்காரர் பழத்தைக் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியை எடை போட்டால் இரண்டு கிலோ! பெட்டிக்கு அரை கிலோ வீதம் 100 கிலோ பழத்துக்குப் பணம் பிடித்தார். பணம் போனது கூடப் பெரிதில்லை; "எடையில் கை வைக்கிறவர்" என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க நம்மைத் தொடர்ந்தது.

பத்து நாள் கழித்து, நம் கிடங்கில் மிச்சமிருந்த அதே பெட்டியை எடை போட்டோம். ஒன்றரை கிலோதான். யாரும் ஏமாற்றவில்லை, தண்ணீர்தான் ஏமாற்றியது. பச்சை மரத்தில், காய்ந்த கட்டையின் எடையில் பாதிக்கு மேல் ஈரம் இருக்கும். நன்றாகக் காற்றில் உலர்ந்தால் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறங்கும்.

பிறகு காலம் மாறியது. 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வனப்பகுதிக்குள் அனுமதியின்றி ஓடிய மர மில்களை நிறுத்தச் சொன்னது. 2016-ல் மத்திய அரசு மரத் தொழில்களுக்கு உரிம நெறிமுறைகளை வகுத்தது. இதற்கிடையே பிளாஸ்டிக் கிரேட் வந்து, பாலக்கோடு தக்காளியும் அதில் ஏறிவிட்டது. மாங்கூழ் இரும்பு டிரம்மில் போகிறது.

கிரேட்டில் எடைத் தகராறு குறைவு, பழத்தில் ஆணியும் குத்தாது. ஆனால் மரப் பெட்டி விலையோடு போய்ச் சேர்ந்துவிடும். கிரேட் திரும்பி வர வேண்டும். போன கிரேட்டுகளை எண்ணி வாங்குவதற்கே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இதில் நமக்கு லாபமா என்று கேட்டால், எடை விஷயத்தில் லாபம், முதல் முடங்குவதில் நஷ்டம் என்றுதான் சொல்வோம்.

மரப் பெட்டி ஒழிந்துவிடவில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்கு அது வேண்டும். வெளிநாடு போகிற மரப் பெட்டி என்றால், பூச்சி ஒழிய மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறி, முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பது உலக விதி.

இப்போதும் மரப் பெட்டி வாங்குகிற அன்பர்கள், முதல் லோடில் ஒரு பெட்டியை எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே எழுதி, பத்து நாள் வெயிலில் வைத்து மறுபடி எடை போடுங்கள். நூறு கிராமுக்கு மேல் குறைந்தால், மில்காரரிடம் பேசிய பிறகே அடுத்த லோடு.