கடற்படை வீரரும் கல்நார்த் தூசும்

யுத்தம் விளைவிக்கும் காயங்களுள் கண்ணுக்குத் தெரிபவையே பெரும்பாலும் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. இரண்டாவது உலக மகாயுத்த காலத்திலும் அதனை அடுத்த தசாப்தங்களிலும் ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிற் பணியாற்றியோர் பலர், தாம் காயமுற்றதை அறியாமலே வீடு திரும்பினர். அக்காயத்தை விளைவித்தது கல்நார். அது மறைந்திருந்தது எவ்வாறு, அதற்கான பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பவற்றை நாம் இங்கு நோக்குவோம்.

கல்நார் வெப்பத்தைத் தாங்குவது, தீப்பற்றாதது, மலிவானது. ஆதலின் கப்பல்களின் கொதிகலன்களும் நீராவிக் குழாய்களும் அதனாற் போர்த்தப்பட்டன. பழுதுபார்க்கும் போதெல்லாம் அப்போர்வை உரிக்கப்பட, காற்றோட்டம் குன்றிய கீழ்த்தளங்களில் தூசு நிறைந்தது. உள்ளிழுக்கப்பட்ட நுண்ணிழைகள் சுவாசப்பையின் சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றை விழுங்க முனையும் தின்குழியங்கள் நீண்ட இழைகளை வெல்ல இயலாது அழிகின்றன. அழற்சி நீடிக்க, மென்மையான இழையம் தழும்பாக இறுகுகின்றது. இதுவே அஸ்பெஸ்ரோசிஸ் எனும் நோய். சுவாசப்பைப் புற்றுநோயும், சுவாசப்பையைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமாவும் கல்நாரின் ஏனைய விளைவுகளாம். இவை வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் வரை செல்லும்.

இக்கால இடைவெளியே உண்மையை மறைத்தது. பிரித்தானியா கல்நார்த் தொழிற்சாலைத் தூசைக் கட்டுப்படுத்த 1931இலேயே விதிகளை இயற்றியிருந்தது. ஆயினும், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் கட்டுந் தளங்களில் 1,074 குழாய்ப் போர்வைத் தொழிலாளரைப் பரிசோதித்து 1946இல் வெளியான ஆய்வு, மூவரிடம் மாத்திரமே அஸ்பெஸ்ரோசிஸைக் கண்டு, அத்தொழில் ஆபத்தானதன்று என முடிவு கூறியது. பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுக்குக் குறைவாகவே அத்தொழிலில் இருந்தவர்கள். நோயுற்ற மூவரோ இருபதாண்டுக்கு மேற்பட்டவர்கள். நோய் இல்லை என்பது வேறு. நோய் வெளிப்படுங் காலம் வரவில்லை என்பது வேறு. 1964இல் சிலிக்கோவும் அவருடைய சகாக்களும் வெப்பக்காப்புத் தொழிலாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளே அமெரிக்காவில் இவ்வுண்மையைப் பரவலாக உணர்த்தின.

1979இல் வெளியான ஒப்பீடு மற்றொன்றைக் காட்டிற்று. கல்நாரோடும் புகைத்தலோடும் தொடர்பற்றவரோடு ஒப்பிடுகையில், சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கும் வீதம் கல்நார்த் தொழிலாளருள் புகைக்காதவரிடையே ஏறத்தாழ 5 மடங்கு. ஏனையோருள் புகைப்பவரிடையே 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தோரிடையே 53 மடங்கு. இதைக் கொண்டு குற்றத்தை நோயாளியின் பழக்கத்தின்மீது சுமத்துவது எளிது. ஆயின் 1975 வரை படைவீரரின் உணவுப் பொதியிற் சிகரெட்டை வைத்துக் கொடுத்தது அரசேயாகும். படைச்சேவைக் காலப் புகைத்தலை மாத்திரம் காரணமாகக் காட்டி இழப்பீடு பெறுவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

சேவையின்போது நேர்ந்த தீங்குக்காக வீரர் அரசின்மீது வழக்காட இயலாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1950இல் தீர்ப்பளித்திருந்தது. எஞ்சியது ஓய்வுபெற்ற வீரருக்கான இழப்பீட்டு முறையே. அதற்கும், தாம் எக்கப்பலில் எப்பணியில் கல்நாரை எதிர்கொண்டார் என்பதையும், அதனாலேயே நோய் நேர்ந்தது என்னும் மருத்துவச் சான்றையும் முதியவர் முன்வைத்தல் வேண்டும்.

தூசை அறிந்து தவிர்க்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை. அதனை நிறுவும் சுமை மாத்திரம் அளிக்கப்பட்டது. தாமதித்து வரும் நோய்களுக்குத் தாமதமான சான்றைக் கோரும் நியதி மாறவேண்டும் என்பதே எமது முடிபு.