பாரமில்லாப் போர்வை: உட்பஞ்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ, நெடுநாள் நோய்க்குப் பின்னரோ வீடு திரும்புபவருக்குக் குளிர் மிகுதியாகத் தோன்றுவதுண்டு. உடல் மெலிந்திருப்பதும் நடமாட்டம் குறைந்திருப்பதும் அதற்குக் காரணங்களாகும். அதைக் கண்ட குடும்பத்தினர், வீட்டிலுள்ளவற்றுள் கனமான பஞ்சுப் போர்வையை எடுத்துப் போர்த்துகின்றனர். ஆனால், அதைத் தம் கையால் விலக்கும் வலு நோயாளிக்கு இருக்கிறதா என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கனமான போர்வையின் கீழ் இருப்பவர் எளிதில் புரண்டு படுக்க இயலாது. ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றலாம். கால்விரல்களின்மீது பாரம் தொடர்ந்து அழுத்தினால் பாதம் கீழ்நோக்கி வளைந்தே கிடக்கும். நாளடைவில் கணுக்கால் இறுகவும் கூடும்.

எடை மிகுந்தால்தான் கதகதப்பு மிகும் என்பது சரியன்று. பஞ்சு தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. எனவே, கனமான ஒன்றைவிட மெல்லிய போர்வைகள் இரண்டு நல்லவை. இரண்டுக்கும் நடுவே காற்று தங்கும். வியர்த்தால் ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம்.

போர்வைக்குள் வைக்கும் பஞ்சு அடுக்கின் எடையைக் கடைகளில் ஜி.எஸ்.எம். என்று குறிப்பிடுவர். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட போர்வையின் பரப்பு 3 சதுர மீட்டர். அதில் 100 ஜி.எஸ்.எம். பஞ்சு வைத்தால் எடை 300 கிராம், 400 ஜி.எஸ்.எம். வைத்தால் 1 கிலோ 200 கிராம். மேல்துணியின் எடை இதற்குப் புறம்பானது. நம் சமவெளி ஊர்களுக்கு 100 ஜி.எஸ்.எம். அளவே பெரும்பாலும் போதுமானது.

பருத்திப் பஞ்சு வியர்வையை உறிஞ்சும், உடலுக்கு இதமானது. ஆனால், துவைத்தால் சற்றுச் சுருங்கும். நீரை ஏற்றுக் கனத்து, உலர நெடுநேரம் எடுக்கும். பாலியஸ்டர் பஞ்சு எடை குறைந்தது, விரைவில் உலரும், எனினும் வியர்வையை உறிஞ்சாது. அடிக்கடி துவைக்க நேரும் நோயாளிக்குப் பாலியஸ்டரும், மிகுதியாக வியர்ப்பவருக்குப் பருத்தியும் ஏற்றவை. இலவம்பஞ்சு மிக இலேசானது. ஆயினும் துவைத்தால் கட்டியாகிவிடும் என்பதால் நோயாளியின் போர்வைக்குப் பொருந்தாது.

மேல்துணியாக மெல்லிய பருத்தித் துணியைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சு ஓரிடத்தில் திரளாதிருக்கத் தையல் வரிகள் நெருக்கமாக அமைய வேண்டும். கழற்றித் துவைக்கத்தக்க உறை ஒன்று இருந்தால் போர்வையையே அடிக்கடி நனைக்க வேண்டியதில்லை. நனைந்த போர்வையை நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் பயன்படுத்துங்கள்.

போர்த்தும்போது கால்பக்கத்தை மெத்தையடியில் இறுகச் செருகாமல், விரல்கள் அசையுமாறு தளர்வாக விடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்குமிடத்தில் எவ்வளவு மெல்லியதாயினும் பஞ்சுப் போர்வை வேண்டா. அது முகத்தை மூடி மூச்சைத் தடுக்கக்கூடும். நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால் போர்வைகளை அடுக்காமல் மருத்துவரை அணுகுங்கள்.

போர்வையை வாங்குமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள போர்வையை நோயாளியின்மீது விரித்து, ஒரு கையால் அதை மார்பிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால், புதியது அதைவிட இலேசாக இருக்க வேண்டும். நள்ளிரவில் எவரையும் எழுப்பாமல் தாமே இழுத்துப் போர்த்தவும் தாமே விலக்கவும் இயலுவது, நோயுற்றவருக்குச் சிறிய விடுதலையன்று.